ஜன்னலோர போர்டுக்கு நூறு ரூபாய்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். இடம், திருவொற்றியூர் விம்கோ நகரில் மெயின் ரோட்டை ஒட்டி இருக்கும் ஒரு மளிகைக் கடையின் மாடி. கீழே மொத்த வியாபாரம், மேலே கேரம் கிளப். இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. மூட்டை அடுக்கியது போக மிச்சமிருந்த மாடியைச் சும்மா விடுவானேன் என்று நாலைந்து கேரம் போர்டைப் போட்டு, ஒவ்வொன்றுக்கு மேலும் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, கிளப் ஆக்கிவிட்டார்.

நான் அப்போது இன்ஜினியரிங் முடித்துவிட்டு இன்டர்வியூக்களுக்கு அலைந்துகொண்டிருந்தேன். போன இடத்தில் எல்லாம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. அலைச்சல் போக மிச்ச நேரம் முழுக்க அந்த மாடியில்தான் கிடந்தேன். எங்கள் பக்கத்தில் கேரம் ஆடாத தெரு கிடையாது. ஆனாலும் பெண்கள் கிளப் படி ஏறுவது அபூர்வம். ஏறியது நாங்கள் இரண்டு பேர். ஒருத்தி நான், இன்னொருத்தி என் ஜோடி. இரட்டையர் ஆட்டத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஆடுகிறவள் என்பதால் கிளப்பில் அவளை அப்படித்தான் சொல்வார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து என்னோடு சுற்றுகிறவள். பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசையில் வேலை.

ஆடி மாதம் எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது தெருவில் பந்தல் போட்டு இரட்டையர் கேரம் போட்டி நடத்துவார்கள். ஆண், பெண் என்று பிரிக்க மாட்டார்கள். முந்தைய இரண்டு வருடமும் நானும் என் ஜோடியும் அரையிறுதி வரை வந்து தோற்றோம். அந்த வருடம் எப்படியும் கோப்பையைத் தூக்கிவிடுவோம் என்று இருந்தேன். வேலையும் இல்லை, கையில் பணமும் இல்லை, வீட்டில் சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை. அந்தக் கோப்பை ஒன்றுதான் எனக்கு இருந்த நம்பிக்கை. அதனால்தான் மணிலா வந்தபோது அப்படி எரிந்தது.

மணிலா என்பது கிளப்பில் வைத்த பெயர். பிலிப்பைன்ஸ்காரி. துறைமுகத்தில் புதிதாக நிறுத்திய பெரிய கிரேனுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரைச் சரிபார்க்க ஒரு குழு வந்திருந்தது. அதில் ஒரே பெண். முப்பது வயது இருக்கும். கீழே அரிசி வாங்க வந்தவள், மேலே காய் மோதும் சத்தம் கேட்டு, அது என்ன என்று அண்ணாச்சியிடம் கையைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். அவர் அரிசியைக் கட்டிக் கொடுத்த கையோடு மேலே அழைத்து வந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்ததுமே அவளுக்குக் கண் விரிந்தது. அவள் ஊரிலும் இதே மாதிரி ஒரு பலகை உண்டாம். விரலுக்குப் பதில் குச்சியால் அடிப்பார்களாம். மறுநாளும் வந்தாள். அப்புறம் தினமும் வந்தாள். என் ஜோடி அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் எனக்குள் 'அவள்' என்றே வைத்துக்கொண்டேன்.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். உள்ளே வரக் கட்டணம் கிடையாது. ஓர் ஆட்டம் முடிந்ததும் தோற்றவர்தான் போர்டு காசு கொடுக்க வேண்டும். ஜெயித்தவர் எழுந்திருக்க வேண்டியதில்லை, பெஞ்சில் காத்திருக்கும் அடுத்த ஆள் அவரோடு மோத வரலாம். போர்டு காசு எங்களுக்கு இருபது ரூபாய். மணிலாவுக்கு அண்ணாச்சி நூறு ரூபாய் என்று சொல்லிவிட்டார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவள்தானே, தினமும் தோற்றாள், தினமும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நூறு நூறாகக் கொடுத்தாள். எல்லாருக்கும் அதுதான் விலை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கிளப்பில் தினமும் வரும் ஆட்டோக்கார அண்ணன் ஒருவர் உண்டு. வாய் சும்மா இருக்காது. அவர் ஒருநாள் அண்ணாச்சியை ஓட்டினார்.

"இன்னா அண்ணாச்சி, அந்தம்மா தலையில மொளகா அரைச்சுகினு கீறே. நூறு ரூபா ஓவரா தெரில?"

"ஏம்ல, மாமல்லபுரத்துல பாத்திருக்கியா? நமக்கு ஒரு டிக்கெட்டு, வெள்ளைக்காரனுக்கு ஒரு டிக்கெட்டு. சர்க்காரே வாங்குதான். நான் வாங்குனா மட்டும் ஒனக்கு உறுத்துதோ?"

"அங்க சிற்பம் கீது. இங்க இன்னா கீது, உன் பருப்பு மூட்டைதான் கீது."

எல்லாரும் சிரித்தோம். என் ஜோடியும் சிரித்தாள். நானும்தான். மணிலாவும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

ஆனால் அண்ணாச்சி வியாபாரி. நூறு வாங்கினால் நூறுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற கணக்கு அவருக்கு உண்டு. மாடியில் கடற்காற்று வரும் இடம் ஒன்றே ஒன்று, பின்பக்க ஜன்னல். அதன் அடியில் இருந்த போர்டை அவளுக்கென்று ஒதுக்கிவிட்டார். அந்த போர்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. எங்கள் மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் பகல் முழுக்க வரிசையாகப் போகும். ஒவ்வொன்று போகும்போதும் மாடி லேசாக அதிரும். குறிபார்த்து விரலை மடக்கும் நேரத்தில் ஒரு லாரி போனால் அடி கெட்டது. ரோட்டுப் பக்கம் உட்கார்ந்தவர்கள் லாரி போகும் வரை விரலை எடுத்துவிட்டுக் காத்திருப்போம். ஜன்னலோர போர்டில் அந்தத் தொல்லை இல்லை. அதற்கு நேர் கீழே தூண். வருடக்கணக்காக நாங்கள் சண்டை போட்டு, முறை வைத்து ஆடிய போர்டு அது. அவள் படியேறும் சத்தம் கேட்டாலே அதில் ஆடிக்கொண்டிருப்பவர்களை அண்ணாச்சி எழுப்பிவிடுவார். புது ஸ்ட்ரைக்கர், புது பவுடர் டப்பா, குளிர்ந்த கோலி சோடா, எல்லாம் அவளுக்கு. அவள் பெஞ்சில் காத்திருந்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு கட்டத்தில் எனக்குத் தாங்கவில்லை. கீழே கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் நேரடியாகவே கேட்டேன்.

"அண்ணாச்சி, நானும் நூறு ரூபா குடுக்கறேன். ஜன்னலோர போர்டு எனக்கும் குடுங்க."

துவரம் பருப்பை அளந்துகொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு? வேலைக்குப் போவாத புள்ளைட்ட நூறு ரூவா வாங்குனா எனக்கு சோறு எறங்குமா?"

"அவங்ககிட்ட மட்டும் எறங்குதா?"

"அவ விருந்தாளி. நீ நம்ம புள்ள. போ, போயி ஒன் முறை வரும்போது ஆடு."

நம்ம புள்ள என்று சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் உட்கார வைப்பது என்ன நியாயம் என்று முனகிக்கொண்டே மேலே போனேன். ஜன்னலோரத்தில் மணிலாவுக்கு எதிரே என் ஜோடி உட்கார்ந்திருந்தாள். அதுதான் உண்மையில் சுட்டது. போர்டைக்கூட விட்டுவிடலாம். ஸ்கேன் சென்டரில் வேலை முடிந்து வருபவள், முன்பெல்லாம் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து மசால் கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பாள். இப்போது பை தோளில் இருக்கும்போதே நேராக ஜன்னலுக்குப் போகிறாள். போகாமல் என்ன செய்வாள்? அங்கே காத்திருக்க வேண்டாம், காற்று வருகிறது, சோடா வருகிறது, ஜெயித்தால் காசும் கொடுக்க வேண்டாம். ஜெயித்துக்கொண்டே இருந்தாள். ஜெயித்துக்கொண்டே கற்றும் கொடுத்தாள். பின்னால் ஒட்டிய காயைக் கட்டை விரலால் எடுப்பது, சிவப்பைப் போட்டதும் அடுத்த காயை எப்படித் தயாராக வைத்துக்கொள்வது என்று எல்லாவற்றையும். அதில் பாதி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்த அடிகள்.

மணிலாவுக்கு விரல் சீக்கிரம் படிந்தது. குச்சியால் ஆடியவளுக்குக் கோணம் எல்லாம் ஏற்கெனவே தெரியும், அழுத்தம்தான் புதிது. ஆனி பிறந்தபோது ஆட்டோக்கார அண்ணனையே ஒரு தடவை திணற அடித்தாள். கூடவே எங்கள் பேச்சையும் பிடித்துக்கொண்டாள். அவள் அடி தவறினால் "பேஜாரு" என்பாள். மாடி முழுக்க கைதட்டும். நான் இருபது வருடமாக அதே பாஷையைப் பேசுகிறேன், எனக்கு ஒருத்தரும் கைதட்டியதில்லை.

போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு சாயங்காலம் கிளப் படிக்கட்டில் என் ஜோடி என்னை நிறுத்தினாள். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"ஏமே, ஒண்ணு சொல்லுவேன், கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இந்த தபா நான் மணிலாக்காவோட பேரு குடுக்கலாம்னு கீறேன். அவங்க கிரேன் வேலை ஆடியோட முடியுது. அப்பால ஊருக்குப் போய்டுவாங்க. நாம அடுத்த வருஷம் ஆடிக்கலாம்."

"ஊருக்குப் போறாங்கன்னு பேரு குடுக்கறியா, இல்ல அவங்க நல்லா ஆடுறாங்கன்னு குடுக்கறியா?"

"ரெண்டும்தான்" என்றாள்.

அந்த 'ரெண்டும்தான்' என்னைக் கொன்றுவிட்டது. கோபத்தில் மேலே போய், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். நானும் மணிலாவும் ஓர் ஆட்டம் ஆடுகிறோம். ஜெயிக்கிறவள் ஆடிப் போட்டியில் என் ஜோடியோடு ஆடட்டும். மணிலாவுக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அவள் என் ஜோடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள். ஒரு நிபந்தனை சேர்த்தேன். ஜன்னலோரத்தில் இல்லை, ரோட்டுப் பக்க போர்டில்.

அடுத்த நாள் மாடியில் நிற்க இடமில்லை. ரோட்டில் லாரிகள் நகர்ந்துகொண்டே இருந்தன. எனக்கு அந்த அதிர்வு பழகிய விஷயம். அவளுக்கு லாரி போகிற நேரம் தெரியாது, விரல் உதறும் என்பது என் கணக்கு. முதல் போர்டை, அதாவது முதல் சுற்றை, நான்தான் எடுத்தேன். இரண்டாவதில் அவள் ஒரு காரியம் செய்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலைத் தரையில் பதித்துக்கொண்டாள். எனக்குச் சத்தம் கேட்பதற்கு முன்பே அவள் காலுக்கு லாரி வருவது தெரிந்துவிட்டது. விரலை எடுத்துவிட்டுக் காத்திருப்பாள், அதிர்வு அடங்கியதும் அடிப்பாள். கிரேன் மேல் நின்று வேலை செய்கிறவளுக்கு இது ஒரு அதிர்வா? கடைசி போர்டில் சிவப்பு நடுவிலேயே நின்றது. நான் குறி வைத்தேன். எதிரே நின்றிருந்த என் ஜோடி, காயைப் பார்க்காமல் மணிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தது என் தப்பு. என் ஸ்ட்ரைக்கர் சிவப்பை உரசிக்கொண்டு குழிக்குள் போனது. அடுத்து மணிலா சிவப்பையும் போட்டு, அடுத்த காயையும் போட்டு, ஆட்டத்தை முடித்துவிட்டாள்.

கை கொடுத்துவிட்டு எழுந்தேன். அழக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்தேன். வழக்கப்படி இருபது ரூபாயை எடுத்து போர்டு விளிம்பில் வைத்தேன். அப்போதுதான் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"இது எப்படிம்மா இருவது ஆவும்?"

"தோத்தது நான்தானே அண்ணாச்சி. எனக்கு இருபதுதானே?"

"போர்டுல ஒக்காந்தது யாரு? அவ ஒக்காந்தா அது நூறு ரூவா போர்டு. இம்புட்டு நாள் அவ தோத்தா, அவ குடுத்தா. இன்னைக்கு நீ தோத்த, நீ குடு. ரேட்டு ஆளுக்கு இல்ல, போர்டுக்கு."

ஆட்டோக்கார அண்ணன் குறுக்கே வந்தார். "இன்னா அநியாயம் அண்ணாச்சி, உள்ளூர் பொண்ணு தோத்தா உள்ளூர் ரேட்டுதான்."

"அப்படின்னா ஒங்கூட ஆடி அவ ஜெயிச்சா எனக்கு எண்பது ரூவா நட்டமா?"

"நட்டமா? பாத்தியா, இவ்ளோ நாளு எண்பது ரூபா சும்மா வந்துகினு இருந்ததுன்னு அவரே சொல்ட்டாரு."

மாடி இரண்டாகப் பிரிந்து வாதாட ஆரம்பித்தது. இப்படி ஒரு கேள்வி வரும் என்று யாருமே நினைத்திருக்கவில்லை. மணிலா தோற்றுக்கொண்டே இருப்பாள் என்று வைத்துப் போட்ட விலை அது. நான் தோற்ற எரிச்சலில் கத்தினேன்.

"நூறு ரூபா அவங்க ரேட்டு. ஃபாரினர் ரேட்டு. நான் ஏன் குடுக்கணும்?"

ஃபாரினர், ரேட்டு, நூறு, இருபது. இந்த நாலு வார்த்தை போதுமானதாக இருந்தது. மணிலா என் இருபது ரூபாயைப் பார்த்தாள். பிறகு என் ஜோடியிடம் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். "நீங்கள் எல்லாரும் எவ்வளவு கொடுப்பீர்கள்?" என் ஜோடி போர்டு விளிம்பில் இருந்த இருபதைக் காட்டினாள். மணிலா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஜெயித்தவள், ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து என் இருபதுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அப்புறம் அவள் வரவில்லை. ஜன்னலோர போர்டு காலியாகக் கிடந்தது. நான் போய் உட்கார்ந்தேன். காற்று வந்தது. எதிரே உட்கார ஆள் இல்லை. என் ஜோடி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். அண்ணாச்சி கீழே யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மாமல்லபுரத்து டிக்கெட் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குள் ஒரு குரல் மட்டும், அவள் இனி வரமாட்டாள், அந்த இடம் திரும்ப உனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெயர் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள் என் ஜோடி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கெளம்பு. அக்கா வூட்டுக்குப் போறோம்."

"நான் எதுக்கு?"

"நீ தோத்தியா இல்லியா? தோத்தவ வந்து கூப்புடு. சொன்னது சொன்னதுதான்."

தேரடிக்குப் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டில் மணிலா தங்கியிருந்தாள். போகும்போது, அவள் வர மறுத்துவிட வேண்டும் என்று வழியில் இருந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டு போனேன். அவள் கதவைத் திறந்து, எங்களைப் பார்த்து, உள்ளே வரச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். தட்டில் சோறும், வினிகர் ஊற்றிச் செய்த புளிப்பான கோழியும் வைத்தாள். சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. அதற்கும் எரிச்சலாக வந்தது.

என் ஜோடி மன்னிப்புக் கேட்டாள். மணிலா கையை ஆட்டி நிறுத்தினாள். விலையைப் பற்றி அவளுக்கு வருத்தமே இல்லையாம். அவளுடைய மாமா அவர்கள் ஊரில் தீவுக்குப் படகு ஓட்டுகிறாராம். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, வெளியிலிருந்து வருபவர்களுக்கு மூன்று மடங்கு. சின்ன வயதில் அந்தக் காசை வாங்கிப் போட்டதே அவள்தானாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அப்புறம் சிரிக்காமல் சொன்னாள். "தினமும் நான் மேலே வரும்போது நீங்கள் எல்லாரும் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தில் கைவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, கத்திக்கொண்டு இருப்பீர்கள். என்னைப் பார்த்ததும் ஜன்னலோர போர்டிலிருந்து எழுந்து வழிவிடுவீர்கள். என்னோடு உட்காரப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, உங்களை எழுந்திருக்க வைத்தது நான் கொடுத்த காசு என்று." என்னைப் பார்த்து விரலை நீட்டினாள். "உன்னைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். இவள் உன்னிடம் சண்டை போடுவாள். என்னிடம் நன்றி மட்டும்தான் சொல்வாள்."

மூன்று மாதமாக நான் அவளைப் பார்த்து வெந்துகொண்டிருக்கிறேன். அவள் அந்தக் காற்று வரும் ஜன்னலில் உட்கார்ந்து, கோலி சோடா குடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறாள். இவ்வளவு நெகிழ்ந்து போய்விட்டோமே, இனி அவளே விட்டுக்கொடுத்துவிடுவாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். போட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"நான்தானே ஜெயித்தேன். நான்தான் ஆடுவேன்" என்றாள்.

மறுநாள் கிளப்புக்கு வந்தவள் நேராக அண்ணாச்சியிடம் போய் நின்றாள். "அண்ணாச்சி. இருவது" என்றாள். அதோடு பெஞ்சைக் காட்டி, நான் காத்திருப்பேன் என்று சைகையில் சொன்னாள். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கியது.

"அப்போ சோடா கெடையாது, பாத்துக்க" என்றார்.

"சோடா வேணா" என்றாள்.

பெஞ்சில் வந்து, எனக்கும் என் ஜோடிக்கும் நடுவில், இடம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் நுழைந்து உட்கார்ந்தாள். கடலைப் பொட்டலத்தில் கையை விட்டாள். எனக்குத் திரும்பவும் எரிந்தது. போர்டைக் கொடுத்தாயிற்று, ஜோடியைக் கொடுத்தாயிற்று, இப்போது இதுவுமா? ஆனால் இந்த எரிச்சல் வேறு மாதிரி இருந்தது. வீட்டில் தங்கச்சி என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டால் வருகிற எரிச்சல். வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. "ஏன் இவ்ளோ எடுக்கற, எனக்கும் வை" என்றேன். அவளிடம் நான் பேசிய முதல் மரியாதையில்லாத வார்த்தை அதுதான். அவள் இன்னும் ஒரு பிடி எடுத்துக்கொண்டாள்.

ஆடிப் போட்டியில் இரண்டு பேரும் பிரமாதமாக ஆடினார்கள். அரையிறுதியைத் தாண்டினார்கள். என்னோடு என் ஜோடி தாண்டாத அரையிறுதி. நான் பந்தலின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். இறுதி ஆட்டம் ராயபுரத்திலிருந்து வந்த இரண்டு அண்ணன்களோடு. ஆட்டம் சமமாகப் போய், கடைசியில் மணிலாவுக்கு ஒரே ஒரு காய் மிச்சம். குழி வாசலில் நிற்கிறது. யார் ஊதினாலும் விழும். என்னில் ஒரு பாதி விழட்டும் என்றது, இன்னொரு பாதி வேண்டாம் என்றது. எந்தப் பாதி பெரியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் அடித்தாள். காய் குழியின் உதட்டில் மோதி வெளியே தெறித்தது. ராயபுரம் அண்ணன்கள் முடித்துவிட்டார்கள்.

வருகிற விருந்தாளி தவறவிட்டால் எங்கள் பக்கம் கை தட்டுவார்கள், பரவாயில்லை என்பார்கள். முதல் மாதம் அவளுக்கு அப்படித்தான் தட்டினார்கள். அன்று யாரும் தட்டவில்லை. கூட்டத்தின் முன்வரிசையிலிருந்து ஆட்டோக்கார அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னாமே ஆடுற நீ? கண்ண எங்க வெச்சுகினு அடிச்ச? எங்க வூட்டுக் கெழவி அடிச்சாகூட வுழுந்திருக்கும். எட்டு வூட்டுக்குக் கேக்குற மாதிரி நீதான் ஜெயிப்பேன்னு சொல்லி வெச்சிருந்தேன், மானத்த வாங்கிட்டியே."

பின்னாலிருந்து இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அக்காகூடக் கரண்டியோடு வந்து திட்டிவிட்டுப் போனார். அண்ணாச்சி மட்டும் விட்டுவிடுவாரா? "மூணு மாசம் நல்ல போர்டக் குடுத்து வளத்தேன், இப்படிக் கோட்ட விட்டுட்டியே" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். மணிலாவுக்கு எத்தனை வார்த்தை புரிந்ததோ தெரியாது. கண் நிறைய நீரோடு நின்றவள், திடீரென்று ஆட்டோக்கார அண்ணனைப் பார்த்துக் கத்தினாள்.

"போ மாமு. உன் ஆட்டோ கலீஜ்."

பந்தலே வெடித்தது. அண்ணன் சிரிப்பு தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். மணிலா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். என் ஜோடி அவள் தோளைப் பிடித்து உலுக்கி, எப்படி அந்தக் காயை விட்டாய் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நன்றியும் சொல்லவில்லை. அந்தத் திட்டு அத்தனையும் மணிலா எப்படி வாங்கிக்கொண்டாள் என்று பார்க்க வேண்டுமே. பரிசு வாங்குகிறவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். மூங்கிலைப் பிடித்தபடி நான் அதைப் பார்த்து எரிந்தேன். நான் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றதும் இல்லை, தெரு முழுக்க என்னைத் திட்டியதும் இல்லை.

அந்த மாத முடிவில் அவள் ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த வருடம் நானும் என் ஜோடியும் ஆடினோம், முதல் சுற்றிலேயே தோற்றோம், அது வேறு கதை.

எனக்கு ஒருவழியாக வேலை கிடைத்துவிட்டது. புனேயில் இருக்கிறேன். ஆபீசில் எல்லாரும் மிக மரியாதையாக நடத்துகிறார்கள். நான் தப்பு செய்தால்கூட 'இட்ஸ் ஓகே' என்று புன்னகைக்கிறார்கள். கேன்டீனில் நான் போனால் தள்ளி உட்கார்ந்து இடம் தருகிறார்கள். எனக்கு இந்தி சரியாக வராது என்று மெதுவாகப் பேசுகிறார்கள். பக்கத்து மேசையில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் ஏதாவது கோட்டை விட்டால் மொத்த டீமும் சுற்றி நின்று மராத்தியில் அவளைத் திட்டும், அவளும் திருப்பித் திட்டுவாள். அப்போதெல்லாம் எனக்கு மணிலா ஞாபகம் வருகிறது. திட்டு வாங்கும் அந்தப் பெண்ணைப் பார்த்து, இத்தனை மரியாதைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, நான் பொறாமைப்படுகிறேன்.